காசு கொடுத்து ஏர்லைன் மைல் வாங்கப் போகிறீர்களா? முதலில் வரம்பைப் படியுங்கள்

பறந்தால் மட்டும்தான் மைல் (டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளி) சேரும் என்பதில்லை. பெரும்பாலான விமானக் கம்பெனிகள் காசுக்கும் விற்கின்றன. ஆனால் கேட்ட அளவுக்குக் கொடுப்பதில்லை. ஒரு கணக்குக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. இதற்குக் காரணங்கள் உண்டு. மைலுக்கென்று ஒதுக்கும் சீட்டுகள் குறைவு. ஆஃபரில் மைலை வாங்கிக் குவித்து, பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டு விற்கும் புரோக்கர்கள் நிறைய. திருட்டு கார்டில் மைல் வாங்கி உடனே டிக்கெட்டாக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். விற்ற மைல் ஒவ்வொன்றும் கம்பெனி கணக்கில் கடனாகவே நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் வரம்பு ஏன் என்பது புரியும்.

படி 1: முதலில் சீட், பிறகு மைல்

விமானக் கம்பெனியின் மைல் திட்டத் தளத்தில் லாகின் செய்து, உங்கள் தேதியில் அவார்டு சீட் (மைல் கொடுத்து எடுக்கும் சீட்) இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேவைப்படும் மைல், அதோடு கட்ட வேண்டிய வரி, அதே விமானத்தின் ரொக்க விலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரொக்க விலை 62,000 ரூபாய். அவார்டுக்கு 30,000 மைலும் 8,000 ரூபாய் வரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 62,000-இல் 8,000 போக மீதி 54,000. அதை 30,000-ஆல் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு 1.80 ரூபாய். இதற்கு மேல் விலை கொடுத்தால் நஷ்டம்.

அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நடத்தும் மைலேஜ்பிளஸ் திட்டத்தில் ஆஃபர் இல்லாத விலை 1,000 மைலுக்கு 35 டாலர், அதன் மேல் 7.5% வரி, ஆக 10,000 மைலுக்கு 376.25 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் மைலுக்கு 3.20 ரூபாய் ஆகிறது. 100% போனஸ் ஆஃபர் (வாங்கிய அளவுக்கு இன்னொரு மடங்கு இலவசம்) வந்தால் அது பாதியாகி 1.60. கார்டு கட்டணத்தையும் (படி 4) சேர்த்தால் 1.67. மொத்தத்தில் மிச்சம் 4,000 ரூபாய் சொச்சம். ரொக்க டிக்கெட்டில் பறந்தால் மைல் சேரும், அவார்டில் சேராது. அதையும் கழித்துப் பார்த்தால் இந்த உதாரணத்தில் மைல் வாங்குவது வீண் வேலை. கணக்கு பெரும்பாலும் பிசினஸ் கிளாஸில்தான் சாதகமாக வரும்.

படி 2: வரம்பு எப்படி எண்ணப்படுகிறது?

மைல் வாங்கும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இவற்றைத் தேடுங்கள்.

எந்த வருடம்? ஜனவரி முதல் டிசம்பர் வரையா, கடைசியாக வாங்கிய நாளிலிருந்து 12 மாதமா? காலண்டர் வருடம் என்றால் டிசம்பர் கடைசியில் ஒரு முறையும் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு முறையும் வாங்கி, இரண்டு வருட வரம்பைச் சில நாட்களுக்குள் பயன்படுத்தலாம். தேதி மட்டும் கவனம்: ஜனவரி 1 காலை 10 மணிக்குச் சென்னையில் உட்கார்ந்து வாங்கும்போது, யுனைடெட்டின் தலைமையகம் இருக்கும் சிகாகோவில் டிசம்பர் 31 இரவு 10.30. அந்த மைல் பழைய வருடக் கணக்கில் போய்விடலாம். ஒரு நாள் பொறுங்கள்.

போனஸ் வரம்பில் சேருமா? பல திட்டங்களில் விலை கொடுத்து வாங்கிய மைலை மட்டும்தான் எண்ணுவார்கள். வரம்பு 1,00,000, போனஸ் 100% என்றால் கையில் வருவது 2,00,000. போனஸையும் சேர்த்து எண்ணும் திட்டத்தில் அதே வரம்பில் 1,00,000-தான்.

வேறொருவர் பரிசாக அனுப்பும் மைல் உங்கள் வரம்பில் சேருமா, ஒரே பில்லில் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டம் வைத்திருக்கும் பூட்டு வேறு மாதிரி. அங்கே டிக்கெட் போடும்போது குறைகிற மைலை மட்டும் வாங்கலாம், அதுவும் அதிகபட்சம் பாதி. 40,000 மைல் டிக்கெட்டுக்கு உங்களிடம் 20,000 ஏற்கெனவே இருக்க வேண்டும். 19,000 இருந்தால் நடக்காது. விலை 1,000 மைலுக்கு 40 அமெரிக்க டாலர். 2,000 குறைந்தால் 80 டாலர், சரி. 20,000-க்கு 800 டாலர் கொடுப்பது கட்டாது.

படி 3: ஆஃபரை உடைக்காதீர்கள்

போனஸ் பெரும்பாலும் படிப்படியாக ஏறும், அதுவும் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக. 20,000-க்கு 40%, 40,000-க்கு 60% என்றால், ஒரே பில்லில் 40,000 வாங்கினால் 64,000 வரும். இரண்டு 20,000-ஆகப் பிரித்தால் 56,000-தான். அதே காசு, 8,000 மைல் குறைவு. ஆஃபர் கணக்குக்குக் கணக்கு மாறும் என்பதால் நண்பர் சொன்ன சதவீதத்தை நம்பாமல் உங்கள் லாகினில் பாருங்கள்.

படி 4: கார்டு

வங்கி ஆப்பில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை ஆன் செய்து, லிமிட்டையும் உயர்த்துங்கள். பல கார்டுகளில் 3.5% மார்க்கப் (வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம்), அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. பல திட்டங்களுக்கு விற்பனையை நடத்துவது பாயிண்ட்ஸ் என்ற கனடா நிறுவனம். ஸ்டேட்மெண்டில் விமானக் கம்பெனி பெயருக்குப் பதில் அதன் பெயர் வரும். அதனால் பயணச் செலவுக்குக் கார்டு தரும் கூடுதல் பாயிண்ட் கிடைக்காமல் போகலாம்.

படி 5: வாங்குதல்

டிக்கெட்டுக்குக் குறையும் அளவை மட்டும் போடுங்கள். கார்டிலும் மைல் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். பேமெண்ட் நடுவில் நின்றுவிட்டால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள். இரண்டு முறை காசு போய், வரம்பும் இரண்டு மடங்கு தேய்ந்துவிடும். ஈமெயிலையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். புதிதாகத் தொடங்கிய கணக்கை வாங்கவிடாமல் சில நாள் காக்கவைக்கும் திட்டங்கள் உண்டு. கணக்கை முன்கூட்டியே தொடங்கி வைப்பது நல்லது. மைல் சில நிமிடத்திலும் வரும், சரிபார்ப்பில் மாட்டினால் ஓரிரு நாளும் ஆகும். அதற்குள் சீட் போய்விடலாம், அந்த ஆபத்து உண்டு.

வரம்பு முடிந்துவிட்டதா?

கிரெடிட் கார்டு பாயிண்டை மைலாக மாற்றுவது வழக்கமாக வாங்கும் வரம்பில் சேராது. முதலில் அதைப் பாருங்கள். அடுத்தது கூட்டணி: ஒரே கூட்டணியில் இருக்கும் கம்பெனிகளின் சீட்டை ஒன்றின் மைலில் மற்றொன்றில் போடலாம். சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் லுஃப்தான்சா சீட்டை யுனைடெட் மைலிலும் போடலாம், ஏர் கனடாவின் ஏரோபிளானிலும் போடலாம். இரண்டுக்கும் வரம்பு தனித்தனி. புரோக்கரிடம் மட்டும் போகாதீர்கள். பிடிபட்டால் டிக்கெட்டும் ரத்து, கணக்கும் முடக்கம்.

வாங்கிய மைலுக்குப் பணம் திரும்ப வராது. அவார்டு டிக்கெட்டை ரத்து செய்தால் மைல் கணக்குக்குத் திரும்பும், ஆனால் மைலுக்குக் காலாவதி வைத்திருக்கும் பல திட்டங்களில் பழைய தேதியோடுதான். கிரிஸ்ஃபிளையர் மைலின் ஆயுள் 3 வருடம். ரத்து செய்யும் நாளில் அந்தத் தேதி தாண்டியிருந்தால் திரும்பி வர எதுவும் மிச்சமிருக்காது.