கறுப்பினத் திருநர், மாற்றுத்திறனாளிக் கலைஞர்களின் பல்லூடகப் படைப்புகளைப் பார்ப்பது எப்படி?

கணினி விளையாட்டு, காணொளி, ஒலி, எழுத்து ஆகியவை ஒன்றுகலந்த ஒரு படைப்பை, சுவரில் மாட்டிய ஓவியத்தின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு நகர்வதுபோல் கடந்துவிட முடியாது. கறுப்பினத் திருநர்களும், மாற்றுத்திறனாளிகளும், ஆட்டிசம் போன்ற நரம்பியல் வேறுபாடு உடையவர்களும் தம் வாழ்வைப் பொருளாகக் கொண்டு உருவாக்கும் படைப்புகளில் பல, பார்ப்பவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்புவதால், பார்வையாளருக்கும் சிறிது ஆயத்தம் தேவைப்படுகிறது.

லண்டனில் பிறந்து பெர்லினில் பணியாற்றும் கறுப்பினத் திருநர் கலைஞரான டேனியல் பிராத்வெயிட்-ஷெர்லி 2020இல் இணையத்தில் உருவாக்கிய ‘பிளாக் டிரான்ஸ் ஆர்கைவ்’ என்ற படைப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு கணினியும் ஹெட்போனும் போதும். பழைய வீடியோ கேம் போன்ற தோற்றமுடைய இந்த ஆவணக் காப்பகம், நீங்கள் கறுப்பினத் திருநரா, பிற திருநரா, திருநர் அல்லாதவரா என்று நுழைவிலேயே கேட்டு, விடைக்கேற்ப வெவ்வேறு வழிகளில் அழைத்துச் செல்கிறது. உண்மையான விடையையே கொடுங்கள். மற்றவர்களுக்கான வழியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆவல் எழலாம். ஆனால் அந்த வாசல் உங்களுக்காகத் திறக்கப்படவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, உங்கள் வழியில் எதிர்ப்படும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்வதே இப்படைப்பைப் பார்ப்பதாகும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கறுப்பினத் திருநர்களின் வாழ்வை நெடுங்காலம் பிறரே, பெரும்பாலும் பகைமையோடு, பதிவுசெய்து வந்தனர். எதை யாருக்குக் காட்டுவது என்ற முடிவு இங்கே கறுப்பினத் திருநர்களின் கையிலேயே இருக்கிறது.

அந்தப் பகைமைக்கு மேரி ஜோன்ஸின் வரலாறு சான்று. பெண்ணாக வாழ்ந்த இந்தக் கறுப்பினத்தவர் 1836இல் நியூயார்க்கில் திருட்டு வழக்கில் கைதானபோது, அவரை அரக்கனாக இழிவுபடுத்திய அச்சுப்படம் ஒன்று வெளியாயிற்று. அமெரிக்கக் கறுப்பினத் திருநர் கலைஞரான டூர்மலின் 2019இல் எடுத்த ‘சலேசியா’ என்ற குறும்படம் அவரை நியூயார்க்கில் இருந்த செனகா கிராமத்தில் வைத்துக் கற்பனை செய்கிறது; 1825 முதல் கறுப்பினத்தவர் நிலம் வாங்கிக் குடியேறிய அவ்வூர், சென்ட்ரல் பார்க் என்ற பெரும் பூங்காவை அமைப்பதற்காக 1857இல் அழிக்கப்பட்டது. படம் எதையும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால், இவ்விரு வரலாறுகளையும் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிக் கலைஞர்களின் காணொளிகளில் வசன வரிகளையும், காட்சியைச் சொற்களில் விவரிக்கும் ஒலிவழி விளக்கத்தையும் வெறும் உதவிக் கருவிகளாக எண்ணிவிடாதீர்கள். பல இடங்களில் அவையே கலைப்பொருள். நாட்பட்ட நோயோடு வாழும் கறுப்பினக் கலைஞரான கரோலின் லசார்ட், 2018இல் உருவாக்கிய ‘எ ரெசிபி ஃபார் டிசாஸ்டர்’ என்ற காணொளியில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் வசன வரிகளோடு முதன்முதலில் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளுள் ஒன்றான ஒரு சமையல் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதன்மீது காட்சியை விளக்கும் குரலையும், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகலைப் பற்றிய தம் அறிக்கையை ஓடும் எழுத்தாகவும் சேர்த்திருக்கிறார். எல்லா அடுக்குகளையும் ஒரே நேரத்தில் பின்தொடர இயலாது. முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அடுத்து ஒலியை நிறுத்திவிட்டுப் படியுங்கள். பிறகு முழுமையாகப் பாருங்கள். காதுகேளாதவரையும் பார்வையற்றவரையும் மனத்தில் கொள்ளாமல் ஒரு நிகழ்ச்சி தயாரிக்கப்படும்போது எது விடுபட்டுப்போகிறது என்பது அப்போது நன்கு விளங்கும்.

திக்கிப் பேசும் இசைக்கலைஞரான ஜெரோம் எல்லிஸின் ‘தி கிளியரிங்’ (2021) என்ற இசைத்தொகுப்பைக் கேட்கும்போது, பேச்சு நின்றுபோகும் இடங்களில் முன்னோக்கித் தள்ளிவிடாதீர்கள். அந்த இடைவெளிகளைக் குறையாக அன்றி, வேறொரு காலவோட்டம் திறக்கும் இடங்களாகவே அவர் அமைத்திருக்கிறார்.

இவற்றைக் குழுவாகப் பார்ப்பதாக இருந்தால், நாற்காலிகளுக்கிடையே சக்கர நாற்காலி செல்லுமளவு வழிவிடுங்கள். விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள். இடையில் வெளியேறித் திரும்பி வரலாம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். படம் முடிந்ததும், கூட்டத்தில் இருக்கும் திருநரையோ மாற்றுத்திறனாளியையோ நோக்கி ‘உங்கள் அனுபவமும் இப்படித்தானா?’ என்று கேட்காதீர்கள். அவர்களாக முன்வந்து பேசினால் மட்டும், இடைமறிக்காமல் கேளுங்கள்.