ஃபென்வே பார்க்கில் முதல் பேஸ்பால் ஆட்டம்: கையில் பென்சிலோடு பார்ப்பது எப்படி?

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் 1912 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது. வட அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டங்கள் இன்றும் நடக்கும் மைதானங்களில் அதுவே மிகப் பழையது. அங்கே ரெட் சாக்ஸ் அணியின் ஆட்டத்தை முதன்முறையாகப் பார்க்கச் செல்பவருக்கு, குறிப்பாகக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு, முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் சலிப்பாகவே கழியும். பந்து வருகிறது, மட்டை சுழல்கிறது, எதுவும் நடவாததுபோல் அனைவரும் மீண்டும் தத்தம் இடத்தில் நிற்கிறார்கள். அந்தச் சலிப்பைப் போக்க நான் கண்ட வழி, ஸ்கோர்கார்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு பார்ப்பதுதான். கீழுள்ள படிகள் அதற்காகவே எழுதப்பட்டவை.

படி 1: இருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள் உண்டு. அவற்றில் பாதி சொந்த மைதானத்தில் நடக்கும். ஆகையால் விலை குறைந்த வாரநாள் ஆட்டம் ஒன்றைப் பொறுமையாகத் தேடலாம். இந்த மைதானத்தில் கூரையைத் தாங்கும் பழைய தூண்கள் இன்னும் நிற்பதால், சில இருக்கைகளிலிருந்து பார்த்தால் பந்து வீசும் பிட்சரோ மட்டை பிடிக்கும் பேட்டரோ தூணுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். பார்வை மறைக்கப்படும் என்ற குறிப்பு டிக்கெட்டில் இருக்கிறதா என்று வாங்குமுன் படித்துவிடுங்கள். பகல் ஆட்டமானால், வலப்புற மூலையில் அமர்பவர் சூரியனைப் பார்த்தபடியே மாலைவரை இருக்க நேரிடும். ஏப்ரல் மாத இரவு ஆட்டத்துக்கு நல்ல குளிராடை இல்லாமல் போகக் கூடாது.

ஏப்ரலின் மூன்றாம் திங்கட்கிழமை தனிச்சிறப்புள்ள நாள். அன்று ஆட்டம் முற்பகலிலேயே தொடங்கிவிடும். பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களும் அதே நாளில் அருகிலுள்ள கென்மோர் சதுக்கத்தைக் கடந்து ஓடுவார்கள். கூட்டத்தைக் கண்டு அஞ்சுபவர் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

படி 2: போய்ச் சேருதல்

காரை எடுக்க வேண்டாம். கிரீன் லைன் ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கி, நெடுஞ்சாலைக்கு மேலுள்ள பாலத்தைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் மைதானம் வந்துவிடும். டிக்கெட் கைபேசியில்தான் இருக்கும் என்பதால் அதில் மின்னேற்றம் இருக்கட்டும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரமாவது இருக்கும்போது உள்ளே சென்றால், இரு அணிகளின் பேட்டிங் வரிசையையும் கார்டில் எழுதிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

படி 3: கிரிக்கெட்டைச் சற்று மறத்தல்

ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிகளுக்கும் மூன்று மூன்று அவுட். சொந்த அணி எப்போதும் இரண்டாவதாகவே பேட் செய்யும். மூன்று ஸ்ட்ரைக் (சுழற்றித் தவறவிட்ட பந்து, அல்லது அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்ட பந்து) ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் (அந்த எல்லைக்கு வெளியே வந்து, பேட்டர் சுழற்றாமல் விட்ட பந்து) ஆனால் அவர் முதல் பேஸுக்கு நடந்தே செல்லலாம். பேஸ் என்பது ஓடும்போது தொட வேண்டிய நான்கு முனைகளில் ஒன்று; நான்கையும் சுற்றிவந்தால் ஒரு ரன். கிரிக்கெட்டில் பேட்டரின் முதல் கவலை விக்கெட்டைக் காப்பது. இங்கே காக்க வேண்டிய ஸ்டம்ப் எதுவும் இல்லை, ஆனால் மைதானத்துக்குள் அடித்துவிட்டால் ஓடியே ஆகவேண்டும். பின்புறமும் பக்கவாட்டிலும் போகும் அடி ஃபவுல். அது முதல் இரண்டு ஸ்ட்ரைக்குகளாகக் கணக்கிடப்படுமேயன்றி, வழக்கமாக மூன்றாவதாகக் கணக்கிடப்படாது.

60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து வீசப்படும் வேகப்பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்துசேரும். பந்தைப் பார்த்த பிறகு முடிவெடுக்க நேரம் போதாது என்பதால், அடுத்து என்ன வரும் என்று பேட்டர் ஊகிக்கிறார். அந்த ஊகத்தைப் பொய்யாக்கவே பிட்சர் முயல்கிறார். ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைக்கும் இடைவெளியில் நடப்பது இதுதான்.

படி 4: ஸ்கோர்கார்டை எழுதுதல்

கட்டம் போட்ட ஒரு தாள் போதும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்பது பேட்டர்களின் பெயர்கள்; மேலே இடமிருந்து வலமாக ஒன்பது இன்னிங்ஸ். எதிரணிக்கு இதேபோல் இன்னொரு தாள். பேனா வேண்டாம், ஹிட் (பேட்டர் தன் அடியாலேயே பேஸை அடைந்தது) என்று அறிவித்ததை அதிகாரப்பூர்வ ஸ்கோரர் பின்னர் ஃபீல்டரின் பிழை என்று மாற்றக்கூடும் என்பதால் பென்சிலும் அழிப்பானுமே ஏற்றவை.

ஃபீல்டர்களுக்கு எண்கள் உண்டு: பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடம் 7, நடு 8, வலம் 9. ஷார்ட்ஸ்டாப் ஆறாம் எண்ணாக வருவது முதலில் குழப்பும். அதை மனப்பாடமே செய்துவிடுங்கள். இந்த எண்கள் சட்டையில் இருக்கும் எண்களல்ல, நிற்கும் இடத்துக்குரியவை.

இனி எழுதலாம். தரையில் உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து, பேட்டர் வந்துசேருமுன் முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால், அந்த பேட்டரின் கட்டத்தில் 6-3 என்று எழுதுங்கள். வெளிக்களத்தின் நடுவில் உயரப்போன பந்து பிடிக்கப்பட்டால் 8. மூன்று ஸ்ட்ரைக்கில் வீழ்ந்தவருக்கு ஆங்கில எழுத்து ‘கே’. மட்டையைச் சுழற்றாமல் நின்றபடியே வீழ்ந்தவருக்கு அதே எழுத்தைத் திருப்பிப் போடுவது மரபு. பேட்டர் பேஸை அடைந்தால், கட்டத்துக்குள் சாய்சதுரம் ஒன்றை வரைந்து, அவர் கடந்த பக்கங்களைத் தடித்த கோடாக்குங்கள். அவர் சுற்றிவந்து ரன் எடுத்துவிட்டால் சாய்சதுரம் முழுவதையும் நிரப்பிவிடுங்கள். ஒரே அடியில் இருவர் வீழும் 6-4-3 என்ற இரட்டை அவுட்டை முதன்முறை நீங்களே எழுதும்போது, மூன்று பேரின் கைகள் மாறிய அந்தப் பந்தின் பாதை தாளில் இருக்கும். என் முதல் ஆட்டத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அப்படி ஒன்றைத் தவறவிட்டேன். பென்சில் பிடித்த கை கைபேசியைத் தேடுவதில்லை.

படி 5: சுவரைக் கவனித்தல்

இடப்புறம் தெரியும் பச்சைச் சுவரைக் ‘கிரீன் மான்ஸ்டர்’ என்பார்கள். உயரம் ஏறக்குறைய 37 அடி. அதன் பின்னால் லான்ஸ்டவுன் தெரு நெருக்கமாக ஓடுவதால் அந்தப் பக்கம் களம் சுருங்கிவிட்டது. பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இடப்புற ஃபவுல் கம்பத்துக்கு (களத்தின் பக்க எல்லையைக் காட்டும் கம்பம்) குறிக்கப்பட்ட தூரம் 310 அடிதான். வேறு மைதானத்தில் எளிதாகப் பிடிக்கப்படும் உயர்ந்த பந்து இங்கே சுவரில் உரசிவிழும். வேறிடத்தில் ஹோம் ரன் (களத்தின் வேலியைத் தாண்டும் அடி) ஆகும் தாழ்ந்த வேகமான அடியோ சுவரில் மோதித் திரும்பும். சுவரில் பட்டதைக் கார்டின் ஓரத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். சுவரின் அடியில் உள்ள ஸ்கோர்போர்டில் இன்றும் ஆட்கள் கையால்தான் எண் பலகைகளை மாற்றுகிறார்கள்.

வலப்புற வெளிக்கள இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாகத் தெரியும். ரெட் சாக்ஸ் பேட்டர் டெட் வில்லியம்ஸ் 1946 ஜூன் 9 அன்று அடித்த 502 அடி ஹோம் ரன் விழுந்த இடம் அது.

படி 6: இடையில்

ஃபென்வே ஃபிராங்க் என்னும் ஹாட் டாக்கையோ வேர்க்கடலையையோ இன்னிங்ஸ் மாறும் இடைவெளியில் வாங்குங்கள். ஃபவுல் பந்து உங்களிடம் வந்தால் திருப்பித் தர வேண்டியதில்லை, அது உங்களுடையது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எட்டாவதன் நடுவில் அரங்கமே சேர்ந்து பாடும். வரிகள் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

படி 7: கணக்கைச் சரிபார்த்தல்

சொந்த அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவதில் அது பேட் செய்யாது. அந்தக் கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும். திரும்பும் ரயிலில் ஒவ்வோர் அணிக்கும் தனித்தனியே கூட்டிப்பாருங்கள்: எடுத்த ரன், பேஸிலேயே தங்கிவிட்டவர்கள், விழுந்த அவுட் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை, பேட் செய்ய வந்தவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். 5 ரன், தங்கியவர் 6, அவுட் 24 என்றால் 35 முறை பேட்டர் வந்திருக்க வேண்டும். 34 வந்தால், ஹாட் டாக் வரிசையில் நின்றபோது ஒருவர் உங்கள் கண்ணில் படாமல் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்.