தங்காத குழந்தைகளைத் தேடுவது எப்படி? குடும்ப மரம் போடுபவர்களுக்கு ஒரு செய்முறை

என் அப்பாவை வீட்டில் 'பிச்சை' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பெயர் வேறு. ஏன் என்று கேட்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. முந்தின பிள்ளை தங்கவில்லை, கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டது. அடுத்ததாவது தங்கட்டும் என்று, சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளைக்கு வைத்த பெயர்.

ஆகவே இப்படி இறந்த பிள்ளைகளைத் தேட முதல் படி, பதிவு அலுவலகம் போவதல்ல. குடும்பத்தில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். பிச்சை, குப்பன், குப்பம்மாள், மூக்கன், மூக்காயி ஆகிய பெயர்கள் வந்தால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். குப்பையில் போட்டு எடுத்தும், மூக்குக் குத்தியும் எமனை ஏமாற்றிய பெயர்கள் இவை. தாத்தா பெயரே வழிவழியாக வந்திருக்கலாம். அதனால் இது துப்பு மட்டும்தான், சாட்சி இல்லை. கூடவே உடன்பிறந்தவர்களின் பிறந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டிரண்டு வருட இடைவெளியில் போய்க்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று ஐந்து வருடம் வந்தால், அங்கே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதுதான் கஷ்டம். "எத்தனை குழந்தை செத்துப்போச்சு?" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் எழுந்து போய்விடுவார். "பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை?" என்று கேளுங்கள். அது அவர்கள் பேச்சிலேயே உள்ள கணக்கு. தேதி சொல்ல வராது, பரவாயில்லை. எந்தத் தமிழ் மாதம், அப்போது ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் போதும். "குரோதி வருஷம், தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தி" என்றார் என் அப்பத்தா. புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு, மார்கழி முதல் வாரம். வருடப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும்.

அடுத்தது இடம். நான் சறுக்கியது இங்கேதான். தாத்தாவின் ஊர்ப் பதிவேட்டில் மூன்று வருடத்துப் பக்கங்களைத் தேடவைத்துக் காசும் கொடுத்தேன், ஒன்றும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: தலைப்பிரசவம் தாய் வீட்டில் அல்லவா! பிறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. அந்தக் குழந்தையின் அம்மா பிறந்த ஊரில் முதலில் தேடுங்கள்.

சரி, எங்கே போவது? நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு. கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) விசாரியுங்கள், 1980 வரை அந்தக் கணக்கை எழுதியவர் கிராம முன்சீப், அதாவது ஊர் மணியக்காரர். பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ இருக்கும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவேட்டைத் தேடவைக்கலாம், நகலும் வாங்கலாம். கட்டணம் வருடக் கணக்கில் என்பதால், ஆண்டைச் சுருக்கிக்கொண்டு போவது நல்லது. இறப்புப் பதிவின் நகலில் இறப்புக்கான காரணம் இருக்காது. அதைத் தர அதே பிரிவு அனுமதிப்பதில்லை.

குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே போன பிள்ளைக்குப் பெயர்க் கட்டம் காலியாகத்தான் இருக்கும். தகப்பன் பெயர், தாய் பெயர், ஆணா பெண்ணா, இவைதான் சாவி. ஒருமுறையாவது மூச்சு விட்ட குழந்தைக்குப் பிறப்பில் ஒன்று, இறப்பில் ஒன்று என இரண்டு பதிவு இருக்க வேண்டும். இறந்தே பிறந்ததற்கு இப்போது தனிப் படிவம். ஒன்றில் இல்லையென்றால் மற்றதையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே போன பிள்ளையை யாரும் போய் எழுதிவைக்காமல் விட்டதும் உண்டு.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலுக்கும் போங்கள். சாகும் நிலையில் உள்ள குழந்தைக்குக் குருவானவர் வரும்வரை காத்திராமல், பக்கத்தில் இருப்பவரே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க வழக்கம். அதனால் ஒரே நாள் வாழ்ந்த பிள்ளைக்குக்கூட ஞானஸ்நானப் பதிவேட்டிலோ அடக்கப் பதிவேட்டிலோ ஒரு வரி இருக்கலாம். பழைய பக்கங்கள் லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம்; பெயரும் தேதியும் புரிந்துவிடும்.

கிடைத்ததை மரத்தில் ஏற்றும்போது நீங்களாக ஒரு பெயர் வைத்துவிடாதீர்கள். பதிவில் உள்ளபடி 'ஆண் குழந்தை' என்றே எழுதி, பாட்டி சொன்னது எது, பதிவேடு சொன்னது எது என்று பிரித்துக் குறியுங்கள். எனக்குக் கிடைத்தது இரண்டு வரி: கார்த்திகைக் கடைசியில் ஒரு பிறப்பு, ஒன்பது நாள் கழித்து ஒரு இறப்பு. நகலை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். "ஒம்பது இல்ல, பத்து" என்றார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.