ஐஸ் தண்ணீரை வைத்து டிஃபியூஷன் எம்ஆர்ஐயைச் சோதிப்பது எப்படி?

பக்கவாதம் வந்த மூளையில், ரத்தம் போகாத பகுதியின் ஏடிசி மதிப்பு (தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாகப் பரவுகின்றன என்று டிஃபியூஷன் எம்ஆர்ஐ அளந்து தரும் எண்) சில நிமிடங்களிலேயே சரியத் தொடங்கும். பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியும். அவ்வளவு பெரிய சரிவை அளவுதிருத்தம் பார்க்காத ஸ்கேனரிலும் பார்த்துவிடலாம். அல்ஸைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களின் ஆரம்ப நிலையை ஆராய்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. வெள்ளைத் திசுவில் அவர்கள் தேடும் வேறுபாடு பல நேரம் சில சதவீதம்தான். ஸ்கேனரே நான்கு சதவீதம் தப்பாக அளந்தால், நோயையும் இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம். 2009இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வைப் போல, பிறப்பிலிருந்து பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் வேலைகள் இங்கே நடக்கின்றன. இப்படி நீண்டகாலம் ஓடும் எந்த ஆய்விலும் நடுவில் மென்பொருள் மாறும், உதிரிபாகம் மாறும், சில நேரம் ஸ்கேனரே மாறும். எந்த நாளில் எண் நகர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு பொருளை அவ்வப்போது ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கு மலிவான பொருள் ஐஸ் தண்ணீர்.

ஆய்வு உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கும் இந்தக் குறிப்பு. ஈபிஐ (மிக வேகமாகப் படமெடுக்கும் எம்ஆர்ஐ முறை), பி மதிப்பு (பரவலை எவ்வளவு வலுவாக அளக்கிறோம் என்பதைக் குறிக்கும் எண்) ஆகியவை ஓரளவு தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் பூஜ்ஜியம் டிகிரி?

தண்ணீரின் ஏடிசி வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியஸில் 1.10, 5 டிகிரியில் 1.31, 20 டிகிரியில் 2.02, 25 டிகிரியில் 2.30. எல்லாமே 10⁻³ மி.மீ²/நொடி என்ற அலகில். இனி அலகைத் திரும்பத் திரும்ப எழுதப்போவதில்லை. அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரை ஸ்கேன் செய்தால், ஒரு டிகிரி தவறுக்கே இரண்டு சதவீதத்துக்கு மேல் பிழை வரும். ஸ்கேன் அறையில் 21 டிகிரியா 22 டிகிரியா என்று யார் உறுதி சொல்வது? ஐஸும் தண்ணீரும் கலந்திருக்கும் வரை கலவை 0 டிகிரியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். தவிர, மூளையின் வெள்ளைத் திசுவின் ஏடிசி சுமார் 0.7 முதல் 0.8 வரை. 1.10 அதற்கு அருகில் இருப்பதால் சோதனை உண்மையான வேலைக்கு நெருக்கமாகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஷெனெவெர்ட் குழுவினர் 2011இல் பல மையங்களுக்கான தரச் சோதனையாக இதை வெளியிட்ட பிறகு இந்த முறை பரவியது.

தேவையானவை

அகல வாய் பிளாஸ்டிக் ஜாடி ஒன்று. சுமார் 15 செ.மீ. விட்டம், 3 லிட்டர் கொள்ளளவு, இறுக்கமான திருகு மூடி. ஹெட் காயிலுக்குள் (தலையைச் சுற்றி வைத்து சிக்னலைப் பிடிக்கும் கூண்டு) நுழைகிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பாருங்கள், சுற்றப்போகும் நுரைத் தாளின் தடிமனையும் சேர்த்து. உலோகக் கைப்பிடி, உலோகக் கிளிப் உள்ள ஜாடி வேண்டாம். 50 மி.லி. சென்ட்ரிஃப்யூஜ் குழாய்கள் மூன்று. வடிநீர். 2 கிலோ ஐஸ். உறிஞ்சும் தாள், பெரிய ஜிப் பை. கண்ணாடி ஆல்கஹால் தெர்மாமீட்டர். பாதரச தெர்மாமீட்டரோ பேட்டரி போட்டதோ காந்த அறைக்குள் வரவே கூடாது.

எதை உள்ளே கொண்டுபோனாலும் ரேடியோகிராஃபரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஸ்கேன் ஓடாவிட்டாலும் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மூன்று குழாயில் ஒன்றில் வெறும் வடிநீர். மற்ற இரண்டில் பிவிபி என்ற பாலிமர் கரைசல், எடையில் 20 சதவீதம், 40 சதவீதம். 0 டிகிரியில் அவற்றின் ஏடிசி முறையே சுமார் 0.6, சுமார் 0.25. முதல் முறை செய்பவர்கள் வடிநீரோடு நிறுத்திக்கொள்ளலாம்; பி 2000, 3000 என்று போகிறவர்களுக்குப் பிவிபி கட்டாயம், காரணம் கீழே.

20 சதவீதக் கரைசலுக்கு 20 கிராம் தூள், 80 கிராம் தண்ணீர். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மெதுவாகக் கலக்கி, மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். வேகமாகக் குலுக்கினால் நுரை கட்டிவிடும், அந்தக் குமிழிகள் லேசில் போகாது. நம்ம ஊரில் இன்னொரு சிக்கல்: பிவிபி தூள் காற்றிலுள்ள ஈரத்தை நன்றாக உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக எடை போட்டால், 20 கிராமில் ஒரு பகுதி தண்ணீராகவே இருக்கும், கரைசல் நினைத்ததைவிட நீர்த்துப்போகும். கேமரா வைக்கும் டிரை கேபினட் ஒன்று ஆய்வகத்தில் இருந்தால் தூளை அதில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஐஸ் போடுவது: இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்

ஜாடியில் பாதி தண்ணீர், மேலே ஐஸ் கட்டிகள், நடுவில் குழாய். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஏடிசி 1.25 வரும், உடனே ஸ்கேனர் பழுது என்று புகார் கிளம்பும்.

பழுது ஜாடியில். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் அதிகம். ஐஸ் மேலே மிதக்கிறது. 4 டிகிரியில் உள்ள தண்ணீர் கனமாக இருப்பதால் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மேலே உள்ள குளிர்ந்த தண்ணீர் லேசானது, அதனால் கீழே இறங்கிக் கலக்காது. தெர்மாமீட்டரை மேலே வைத்துப் பார்த்தால் 0 காட்டும், அடியில் 4 இருக்கும். 0 டிகிரிக்கு அருகில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏடிசி கிட்டத்தட்ட நான்கு சதவீதம் ஏறுவதால், 4 டிகிரி என்றால் பதினைந்து சதவீதப் பிழை. ஹெட் காயிலுக்குள் ஜாடி படுத்த நிலையில்தான் இருக்கும் என்பதால், குழாயின் ஒரு பக்கம் ஐஸிலும் மறுபக்கம் வெறும் தண்ணீரிலும் கிடக்கும். ஏடிசி படத்தில் மேலிருந்து கீழாகச் சாய்வாக நிறம் மாறினால் காரணம் இதுவேதான்.

சரியான வழி: குழாயை நடுவில் நிறுத்தி, ஜாடியின் அடி முதல் விளிம்பு வரை நொறுக்கிய ஐஸால் அடைத்துவிட வேண்டும். அதன் பிறகு, குளிர்பெட்டியில் வைத்த குளிர்ந்த தண்ணீரை இடுக்குகள் நிரம்பும் அளவு மட்டும் ஊற்றுங்கள். ஜாடியைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றி, மறுபடி ஐஸ் போட்டு, மூடியை இறுக்குங்கள். படுக்கவைத்தாலும் ஐஸ் நகர இடம் இருக்கக் கூடாது. பேரங்காடியில் பையில் விற்கும் ஓட்டை ஐஸை அப்படியே போட்டால் இடைவெளி அதிகம். துணிப்பையில் போட்டு மரக்கட்டையால் நொறுக்குங்கள். ஐஸ் கச்சாங்குக்குச் சீவுவதைப் போன்ற பொடி ஐஸ் கிடைத்தால் அதுவே ஆகச் சிறந்தது.

குழாய் ஐஸில் இருக்க வேண்டிய நேரம் குறைந்தது ஒரு மணி. முந்தின இரவே குழாய்களைக் குளிர்பெட்டியில் வைத்தால் நல்லது. உறையவிடக் கூடாது. உப்பு போடவே போடாதீர்கள்: உப்பு கலந்த ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போய்விடும், அப்புறம் விடை தெரிந்த பொருள் என்ற அடிப்படையே போயிற்று. குழாயைச் சுற்றி ஜாடியில் ஊற்றுவதற்கு பைப்பில் வரும் சாதாரணத் தண்ணீரே போதும்.

குழாயில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. விளிம்பு ததும்ப நிரப்பி மூடுங்கள். குமிழியைச் சுற்றி ஈபிஐ படம் இழுபட்டுக் கோணிவிடும்.

ஜாடியை ஸ்கேனரில் வைப்பது

இங்குள்ள ஈரப்பதத்தில் ஐஸ் ஜாடியை வெளியே எடுத்த மறுநிமிடம் வெளிப்புறம் வேர்த்து ஒழுகும். அந்த நீர் ஹெட் காயிலின் இணைப்பு முனைகளில் இறங்கினால் பெரிய செலவு. ஜாடியை நுரைத் தாளால் சுற்றி, அதன்மேல் உறிஞ்சும் தாள், அதற்கும் மேல் ஜிப் பை. அடியில் இன்னொரு உறிஞ்சும் தாள் விரிப்பு.

ஜாடியின் நீளவாக்கு ஸ்கேனர் குகையின் நீளவாக்கோடு இணையாக இருக்கட்டும். குழாயின் நடுப்பகுதி ஐசோசென்டரில் (காந்தத்தின் சரியான மையத்தில்) வர வேண்டும். மையத்தைவிட்டு விலக விலக கிரேடியண்ட் காயிலின் (காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சீராக மாற்றும் சுருளின்) நேர்கோட்டுத்தன்மை குலைவதால், கன்சோலில் எழுதியிருக்கும் பி மதிப்பும் அங்கே உண்மையில் கிடைக்கும் பி மதிப்பும் ஒன்றாக இருக்காது. தலை-கால் திசையில் 10 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போனால், சில ஸ்கேனர்களில் பிழை பத்து சதவீதத்தையும் தாண்டலாம்.

வைத்த பிறகு 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். உள்ளே தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தால் சிக்னல் கூடுதலாக விழும், ஏடிசி பொய்யாக ஏறும்.

ஸ்கேன்

பி 0, 500, 1000. எக்ஸ், ஒய், இஸட் மூன்று திசைகளிலும் தனித்தனியாக. டிஆர் (அடுத்தடுத்த தூண்டல்களுக்கு இடையிலான நேரம்) 8 நொடி அல்லது மேல், துண்டு தடிமன் 4 மி.மீ. வடிகட்டி, மென்மையாக்கல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரே ஸ்கேனை இடைவெளி இல்லாமல் நான்கு முறை எடுங்கள்.

பி 0 படத்தைத் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு எடுக்கச் சொல்வேன். கிரேடியண்ட் சூடேற ஏற சிக்னல் மெதுவாகச் சரியும். பி 0 முதலில், பி 1000 கடைசியில் என்று எடுத்து, நடுவில் சிக்னல் ஐந்து சதவீதம் சரிந்திருந்தால், 1.10 இருக்க வேண்டிய இடத்தில் 1.15 வரும். இரண்டு பி 0 படங்களையும் ஒப்பிட்டால் இந்தச் சரிவு உடனே தெரிந்துவிடும்.

எடுத்து முடித்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். குழாயைச் சுற்றி இன்னும் ஐஸ் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஸ்கேனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கணக்கு

ஸ்கேனரே தரும் ஏடிசி படத்தை நம்புவதைவிட மூலப் படங்களிலிருந்து கையால் கணக்கிடுவதே மேல், ஒரு முறையாவது. படத்தை ஐடிகே-ஸ்நாப் என்ற மென்பொருளில் திறந்து, குழாயின் நடுவில் 10 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம். விளிம்பைத் தொட வேண்டாம், அங்கே கிப்ஸ் வளையங்கள் (விளிம்பருகே தோன்றும் பொய்யான கோடுகள்) இருக்கும். பி 0 சராசரியைப் பி 1000 சராசரியால் வகுத்து, இயல்மடக்கை எடுத்து, 1000ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு, பி 0இல் 1000, பி 1000இல் 333 என்றால் விகிதம் 3.00, மடக்கை 1.10, 1000ஆல் வகுத்தால் 0.0011, அதாவது நம் அலகில் ஏடிசி 1.10. விரிதாளில் ஒரே வரி வேலை.

1.06க்கும் 1.14க்கும் இடையில் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். அதற்கு வெளியே போனால் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். மூன்று திசையும் ஒன்றாக உயர்ந்தால் முதல் சந்தேகம் வெப்பநிலை. நான்கு ஸ்கேனிலும் படிப்படியாக ஏறினால் ஐஸ் கரைகிறது, அல்லது மேலே சொன்ன சிக்னல் சரிவு. ஒரே ஒரு திசை மட்டும் விலகினால் அந்த அச்சின் கிரேடியண்ட் அளவுதிருத்தம் பிசகியிருக்கலாம்: பி மதிப்பு கிரேடியண்ட் வலுவின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே ஒரு சதவீத கிரேடியண்ட் பிழை இரண்டு சதவீத ஏடிசி பிழையாகிவிடும். சர்வீஸ் பொறியாளரிடம் இந்த எண்களோடு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இனி பி 3000 விவகாரம். 0 டிகிரித் தண்ணீரில் அந்த பி மதிப்பில் மிஞ்சும் சிக்னல் 4 சதவீதத்துக்கும் குறைவு. எம்ஆர்ஐ படத்தில் இரைச்சல் எதிர்மறையாகப் போகாது, ஒரு தளம் போலத் தேங்கி நிற்கும். சிக்னல் அதைத் தொட்டதும் கீழே இறங்க மறுத்து, ஏடிசி குறைவாகத் தெரியும். 20 சதவீதப் பிவிபியில் அதே இடத்தில் 16 சதவீத சிக்னல் இருக்கும், அங்கே அளப்பது நியாயம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"விகிதம் தாறுமாறாக வருகிறது, ஆனால் ஸ்கேனர் தந்த ஏடிசி படம் சரியாக இருக்கிறது." சில டைகாம் கோப்புகளில் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) சேமித்த எண் வேறு, உண்மையான சிக்னல் வேறு, நடுவில் ஒரு பெருக்கல் காரணி உண்டு. பி 0, பி 1000 இரண்டுக்கும் அது வெவ்வேறாக இருந்தால் விகிதம் கெட்டுப்போகும். தலைப்புத் தகவலில் அந்தக் காரணியைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

"ஏடிசி படத்தில் 1100 என்று வருகிறது." அது 10⁻⁶ அலகு. சரியான விடைதான்.

"எஃப்ஏ பூஜ்ஜியம் வரவில்லை." எஃப்ஏ என்பது பரவல் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண். தண்ணீருக்குத் திசை கிடையாது என்றாலும், இரைச்சலால் மூன்று மதிப்புகளும் கொஞ்சம் சிதறும், எஃப்ஏ அளப்பது அந்தச் சிதறலைத்தான் என்பதால் அது எப்போதும் பூஜ்ஜியத்துக்கு மேலேதான் நிற்கும். சராசரி எடுக்கும் எண்ணிக்கையைக் கூட்டினால் அது இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால், திசைவாரியாக ஏடிசியைப் பிரித்துப் பாருங்கள்.

"நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டுமா?" ஜாடிக்கு வேண்டாம். ஜாடியோடு தன்னார்வலர் ஒருவரையும் சேர்த்து ஸ்கேன் செய்து ஒப்பிடும் எண்ணம் இருந்தால், அது மனித ஆய்வு. 2015இன் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்துக்குள் வருகிறதா என்று நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிவிபி குழாய்களில் நாளடைவில் பூஞ்சை பிடிக்கும். கரைசல் கலங்கலாகத் தெரிந்தாலோ, மிதக்கும் இழை ஒன்று கண்ணில் பட்டாலோ, கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கரைத்த தேதியைக் குழாயின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.