84 குளிசைகள்: குடு (ஹெரோயின்) பாவிக்கிறவருக்கு ஹெபடைடிஸ் சி வைத்தியம்

கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டுகிறேன். சென்னையில் இருந்த காலத்தில் ஊசிக்குப் பழகினேன், கொழும்புக்குத் திரும்பியும் விடவில்லை. இங்கே பெரும்பாலானவர்கள் குடுவைத் தாளில் வைத்துப் புகைக்கிறவர்கள். ஊசிக்காரர்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் இரத்தத்தால் தொற்றி ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி என்ற கிருமியின் பெயரே எங்கள் காதில் விழுவதில்லை. எனக்கு அது இருப்பது தெரியவந்ததும் ஹெர்னியா ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த இரத்தச் சோதனையில்தான்.

அப்போது ஒரு டொக்டர், “முதலில் பழக்கத்தை விட்டுட்டு வா, பிறகு பார்ப்போம்” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு வருடம் வீணாய்ப் போனது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கும் பாவித்துக்கொண்டிருக்கிறவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள். ஈரல் நோய்களைப் பார்க்கும் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

முதலில் சோதனை. விரலில் குத்திப் பார்ப்பது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் அன்டிபொடியைத்தான் காட்டும். கிருமி எப்போதோ உள்ளே வந்தது என்பதற்கு அது அடையாளம், இப்போதும் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். அதனால் கிருமியையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பிசிஆர் என்ற இரண்டாவது சோதனை கட்டாயம். முதல் தாளோடு பயந்து வீட்டில் படுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கீழாநெல்லி அரைத்துக் குடித்தவர்களும் உண்டு. குடித்தால் குடியுங்கள், கிருமி அதற்கெல்லாம் அசையாது.

இரத்தம் எடுக்கிற இடம்தான் எங்களுக்குப் பெரிய சோதனை. நரம்பெல்லாம் கல்லாய்ப் போயிருக்கும். ஐந்தாறு தடவை குத்துவார்கள், நமக்குக் கோபம் வரும், பாதியில் எழுந்து ஓடிவிடுவோம். காலையில் எழுந்ததும் ஒரு போத்தல் தண்ணீர் குடியுங்கள். வரிசையில் நிற்கும்போது கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கி விரியுங்கள். உட்கார்ந்ததும் வெட்கப்படாமல், “மிஸ், நான் ஊசி போட்ட ஆள், இந்த இடத்தில் கிடைக்கும்” என்று காட்டிவிடுங்கள். என் நரம்பைப் பற்றி அந்த அறையிலேயே அதிகம் தெரிந்தவன் நான்தானே! இன்னொன்று, குடு கிடைக்காமல் உடம்பு முறுக்கி வேர்த்துக் கொட்டும் நிலையில் கிளினிக்குக்குப் போகாதீர்கள். வரிசை நீளம், தாங்கமாட்டீர்கள்.

அதே நாளில் ஹெபடைடிஸ் பி சோதனையும் கேளுங்கள். சி மருந்து எடுக்கும்போது, ஒளிந்திருக்கும் பி சில வேளை எழும்பிவிடும். பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. எச்ஐவிக்கு கொழும்பு 10, டி சேரம் பிளேஸ் கிளினிக்கில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

இனி மருந்து. முன்பெல்லாம் இன்டர்பெரோன் ஊசியை மாதக்கணக்கில் போட்டு, காய்ச்சலும் மனச்சோர்வுமாய்க் கிடப்பார்கள். இப்போது சோபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் வெல்படஸ்விர் 100 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று, 12 வாரம். அதுதான் 84. சோபோஸ்புவிரோடு டக்லடஸ்விர் கொடுப்பதும் உண்டு. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சுகமாகிறது. ஈரல் ஏற்கனவே சுருங்கியிருந்தால் டொக்டர் நாளைக் கூட்டுவார், அல்லது இன்னொரு மருந்து சேர்ப்பார்.

நம் ஊரில் கேஸ்டிரிக் இல்லாத ஆளும் ஒமெப்ரசோல் விழுங்காத ஆளும் அபூர்வம். வெல்படஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், ஒமெப்ரசோல் அதைத்தான் குறைக்கிறது. எடுக்கிறீர்கள் என்றால் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். காசநோய்க்கு ரிபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபின் அல்லது பெனிடோயின், இதயத்துக்கு அமியோடரோன் எடுக்கிறவர்களும் வாயைத் திறக்க வேண்டும். குடுவை மறைத்தாலும் இவற்றை மறைக்காதீர்கள்.

எடுப்பதை விட வைத்திருப்பதுதான் கஷ்டம். எங்களோடு இருந்த ஒரு தம்பியின் அம்மா, இதுவும் அந்தச் சனியன்தான் என்று குளிசைகளைப் போத்தலோடு கானில் கொட்டிவிட்டார். மனுசியைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லுங்கள். நான் ஒரு வாரக் குளிசையைத் தேத்தண்ணிக்கடை அக்காவிடம் கொடுத்து வைத்தேன். காலையில் பிளேன்டீயோடு ஒன்றை நீட்டுவார். விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பார். மீதியை அண்ணன் வீட்டில் வைத்தேன். மருந்துச் சிட்டையின் நகலும் அங்கேதான் இருந்தது. பொலிஸ் பிடித்து மகசின் சிறைப் பக்கம் அனுப்பிவிட்டால், சிறை வைத்தியரிடம் காட்ட அது வேண்டும்.

ஒரு நாள் மறந்தால் பயப்பட வேண்டாம். வெல்படஸ்விர் சேர்ந்த குளிசை என்றால், 18 மணித்தியாலத்துக்குள் நினைவு வந்தால் உடனே எடுங்கள். தாண்டிவிட்டால் அடுத்த வேளைக்கு வழமைபோல ஒன்று மட்டும். இரண்டு சேர்த்து விழுங்கக் கூடாது. விழுங்கி மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று எடுங்கள்.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி பிசிஆர். அதில் கிருமி இல்லை என்றால்தான் சுகம்.

ஆனால் ஒரு தடவை சுகமானால் மறுபடி வராது என்று இல்லை. ஊசியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு கரண்டியையும் பஞ்சையும் தண்ணீரையும் பகிர்ந்தால் அதே கதைதான். ஆய்வுகூடத்தில் பார்த்தபோது ஊசிக்குழாய்க்குள் 63 நாள் வரை இந்தக் கிருமி உயிரோடு இருந்திருக்கிறது. மூக்கால் இழுக்கும் குழாயையும் சவர பிளேடையும் கூட இரவல் கொடுக்காதீர்கள். பழக்கத்தை விடவும் மனம் வந்தால், ஆலோசனை சொல்லும் 1927 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அன்டிபொடி மட்டும் ஆயுளுக்கும் போகாது. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தாலும், மறுபடி ஒப்பரேஷனுக்குப் போனாலும் பொசிடிவ் என்றே வரும். பிசிஆர் தாளின் நகலை எடுத்து வையுங்கள். நான் லாமினேட் செய்து, ஓட்டோவின் இன்சூரன்ஸ் தாளோடு வைத்திருக்கிறேன்.