ஹூட் வாங்குமுன் குழாய்க்கு வழி பாருங்கள்
கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் டெரஸ் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது, கேபினட் போடுபவர் வருமுன்பே, அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சும் ஹூட்டின் குழாய் போகும் வழியைச் சுவரில் சாக்பீஸால் வரைந்துவிட்டேன். குழாய் குட்டையாக, நேராகப் பின்சுவர் வழியே வெளியேற வேண்டும்; ஒவ்வொரு வளைவும் புகையை இழுக்கும் வேகத்தைக் குறைக்கும். ஹூட்டின் வாய் 150 மில்லிமீட்டர் என்றால் குழாயும் கடைசிவரை அதே அளவு. மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் மலிவுதான். ஆனால் சம்பலுக்கு மிளகாய் வதக்கும் வீட்டில் மடிப்பெல்லாம் எண்ணெய் தங்கும். வழவழப்பான தகரக் குழாயே கேளுங்கள். கூரைக்குள் விட்டு முடிக்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். வெளிமுனையில் காற்றுக்குத் திறந்து மூடும் தட்டு வேண்டும், இல்லையேல் பல்லி குடிவந்துவிடும்.

கொண்டோ அடுக்குமாடி வீடா? வெளிச்சுவரைத் துளைக்குமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கரி வடிகட்டி ஹூட்தான்: வாடை குறையும், சூடும் ஈரமும் உள்ளேயே சுற்றும்.