திருவிழா முகாமுக்கு வாடகை ஜெனரேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திறந்தவெளித் திருவிழாவில் கூட்டாக முகாமிடத் திட்டமிடும் குழுவினர், ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுப்பவரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஐம்பது பேருக்கு எத்தனை கே.வி.ஏ. வேண்டும்?" என்பதுதான். (கே.வி.ஏ. என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு.) அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடையாது. மின்சாரத்தை இழுப்பவை கருவிகள், ஆட்கள் அல்லர். ஐம்பது பேர் வெறும் விளக்குகளும் கைபேசி சார்ஜர்களும் வைத்துக்கொண்டு ஒரு கிலோவாட்டுக்குள் ஓர் இரவைக் கழித்துவிட முடியும். பத்தே பேர் தங்கும் முகாமில் ஓர் ஏ.சி.யும் இரண்டு எலெக்ட்ரிக் கெட்டில்களும் இருந்தால் ஐந்து கிலோவாட்டும் போதாமல் போகலாம். தலைக்கணக்கைக் கேட்டவுடன் யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொல்லும் வாடகைக்காரர், தம்மிடம் அன்று சும்மா நிற்கும் இயந்திரத்தின் எண்ணைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதில் பெரிய பிழையில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, எந்தெந்தக் கருவி எத்தனை வாட், எந்தெந்த நேரத்தில் ஓடும் என்று ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பார்ப்பதாகும். வாட் கணக்கை ஏறக்குறைய எல்லோரும் போடுகிறார்கள். நேரக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். நடுத்தர முகாம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலை எட்டு மணிக்கு எல்.இ.டி. விளக்குகள் 600 வாட், ஒலிபெருக்கி அமைப்பு 1500, இரண்டு ஃபிரிட்ஜ்கள் 400, ஒரு டீப் ஃபிரீசர் 300, தண்ணீர் மோட்டார் 750, கெட்டில் ஒன்று 2000, மின்விசிறிகள் 600, சார்ஜர்கள் 400 என்று வைத்துக்கொண்டால், அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடும்போது 6,550 வாட் ஆகிறது. அதே முகாமில் விடியற்காலை மூன்று மணிக்கு நாலைந்து விளக்குகளும் விசிறிகளும் விட்டுவிட்டு ஓடும் ஃபிரிட்ஜ்களும் சேர்ந்து 1,200 வாட்டைத் தாண்டுவது அரிது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ஜெனரேட்டர் தேர்வின் உண்மையான சிக்கல். பெரிய எண்ணை மட்டும் பார்த்து, அதற்கு மேல் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு மடங்கு சேர்த்து 25 கே.வி.ஏ. (ஏறத்தாழ 20 கிலோவாட்) எடுப்பவர்கள், நள்ளிரவு முழுவதும் அந்த இயந்திரத்தை அதன் திறனில் ஆறு விழுக்காட்டுக்கு ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெரிதாக எடுத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் டீசல் இயந்திரத்தைப் பொறுத்தவரை தவறானது. ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கும் குறைவான லோடில் (மின்பளுவில்) நீண்ட நேரம் ஓடும் டீசல் எஞ்சினின் உள்ளே வெப்பம் போதிய அளவு ஏறாததால், எரிபொருள் முழுமையாக எரியாமல் கரியும் எண்ணெய்ப் பிசுக்குமாகப் புகைக்குழாயில் படிகிறது. புகை கறுக்கிறது, இயந்திரத்தின் வேகம் ஏறியிறங்குகிறது. நல்ல லோடில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் டீசல் செலவாகும் சிறிய இயந்திரம், குறைந்த லோடில் அதே ஒரு யூனிட்டுக்குக் கணிசமாக அதிகம் குடிக்கிறது. மேலே சொன்ன முகாமுக்கு 10 கே.வி.ஏ. இயந்திரமே போதுமானது, கெட்டிலை எடுத்துவிட்டு எரிவாயு அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்தால் இன்னும் தாராளம். மின்சாரத்தைக் கொண்டு வெப்பம் உண்டாக்கும் எந்தக் கருவியையும் முகாமுக்குள் விடாமல் இருப்பதைப்போல் லோடைக் குறைக்கும் வழி வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் அதை அறிவிப்பதோடு நிறுத்தக்கூடாது. முடி உலர்த்தும் கருவியை யாராவது ஒருவர் பையில் வைத்து எடுத்துவரத்தான் செய்வார்.

இரவின் குறைந்த லோடுக்குத் தனி வழி தேட வேண்டும். பகலிலும் மாலையிலும் பெரிய இயந்திரத்தை ஓட்டிவிட்டு, இரவில் இரண்டு கிலோவாட் அளவிலான இன்வெர்ட்டர் வகைச் சிறு ஜெனரேட்டருக்கு மாறுவது ஒரு முறை. பகலில் பேட்டரித் தொகுப்பை ஏற்றி இரவு முழுவதும் அதிலேயே ஓட்டுவது இன்னொரு முறை. ஒரே பெரிய இயந்திரத்தைவிட இரண்டு சிறியவை மேல் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு: ஒன்று பழுதானாலும் ஃபிரீசரில் இருப்பவை கெட்டுப்போகாது. ஆனால் இரண்டு ஜெனரேட்டர்களின் வெளியீட்டையும் ஒரே போர்டில் தாங்களாகவே இணைக்க முயல்வது ஆபத்தானது. இரண்டையும் ஒரே சீராகச் சேர்ந்து ஓடவைக்கும் ஒத்திசைவு வசதியும் அதற்கென்று செய்யப்பட்ட இணைப்புக் கேபிளும் இல்லாத இயந்திரங்களைத் தனித்தனிப் போர்டுகளுக்கே கொடுக்க வேண்டும்.

இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பதிலும் தவறுகள் நேர்கின்றன. கே.வி.ஏ.யும் கிலோவாட்டும் ஒன்றல்ல. பொதுவாக பவர் ஃபேக்டர் (கே.வி.ஏ.யில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகப் பயன்படுகிறது என்ற விகிதம்) 0.8 என்று கொள்ளப்படுவதால் 25 கே.வி.ஏ. என்பது 20 கிலோவாட். அந்த எண் தொடர்ந்து ஓடுவதற்கான பிரைம் அளவா, மின்வெட்டு நேரத்துக்கு மட்டும் உரிய ஸ்டாண்ட்பை அளவா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உயரமான மலைப்பகுதியிலும் கடும் வெயிலிலும் எஞ்சினின் திறன் குறைந்துவிடும். மூன்று ஃபேஸ் இயந்திரமாக இருந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்: 400 வோல்ட்டில் 25 கே.வி.ஏ. என்பது ஃபேஸ் ஒன்றுக்கு 36 ஆம்பியர்தான், அதாவது எட்டு கே.வி.ஏ.யைச் சற்றே தாண்டும். சமையல் கூடாரம் முழுவதையும் ஒரே ஃபேஸில் மாட்டிவிட்டு, "25 கே.வி.ஏ. இருந்தும் டிரிப் ஆகிறதே" என்று இயந்திரத்தைக் குறைசொல்வது அடிக்கடி நடப்பது.

மோட்டார் உள்ள கருவிகள் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இருக்கும். ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர் எடுக்கும் ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார், ஒரு நொடிக்கு முப்பது ஆம்பியர் கேட்கிறது. அதே நேரத்தில் முகாமின் மற்ற லோடும் இருந்தால் மின்னழுத்தம் சரிந்து விளக்குகள் மங்குகின்றன, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் திணறுகிறது. இதற்காகவும் பெரிய இயந்திரம் எடுக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி ஓடாத பகல் வேளையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவைத்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கப் பல நாள் செலவிடும் குழுக்கள் கேபிளைக் கடைசி நாளில் கையில் கிடைத்ததாக எடுத்துக்கொள்கின்றன. சத்தத்துக்குப் பயந்து ஜெனரேட்டரை 50 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 20 ஆம்பியர் கொண்டுவந்தால் வழியிலேயே 18 வோல்ட் போய்விடும். 230 வோல்ட் புறப்பட்டு 212 வோல்ட் வந்துசேரும். அதே தூரத்துக்குப் பத்து சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு நான்கரை வோல்ட்டுக்குள் அடங்கும். உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளை முழுவதும் இழுத்து விரிக்காமல் பயன்படுத்துவது வேறொரு ஆபத்து. சுற்றுகளுக்குள் சிக்கிய வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகித் தீப்பிடிக்கக்கூடும். ஆட்கள் நடக்கும் பாதையைக் கேபிள் கடக்கும் இடங்களில் மேலே மூடி போட வேண்டும். இணைப்புகள் தரையில் கிடக்காமல், மழைநீர் தேங்காத உயரத்தில் இருக்க வேண்டும்.

இனி, உயிரோடு தொடர்புடையதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான எர்த் பற்றி. முகாம் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வைத்திருப்பதால் யாருக்கும் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கருவி செய்வதெல்லாம், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுவதுதான். மனித உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிந்தது வேறு பாதையில் ஜெனரேட்டருக்குத் திரும்பினால்தான் வித்தியாசம் தெரிந்து அது துண்டிக்கும். கையில் தூக்கிச் செல்லும் சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பும் கம்பி), இயந்திரத்தின் சட்டத்தோடு இணைக்கப்படாமல் தனியே விடப்பட்டிருக்கிறது. அவ்வாறு இருக்கும்போது முதல் கசிவுக்குத் திரும்பும் பாதையே இல்லாததால் ஆர்.சி.சி.பி. அசையாது; யாருக்கும் ஒன்றும் ஆகாததால் அந்தக் கசிவு கண்ணிலும் படாது. பிறகு வேறொரு கருவியில், வேறொரு கம்பியில் இரண்டாவது கசிவு ஏற்படும்போது இரண்டையும் ஒருசேரத் தொடுபவர் சிக்கிக்கொள்கிறார். இதில் ஏமாற்றுவது ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தான். அதை அழுத்தினால் இந்த நிலையிலும் சரியாகத் துண்டிக்கும். ஏனெனில் அந்தச் சோதனை கருவியின் உள்ளேயே நடந்துமுடிகிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை. நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க வேண்டுமா, இணைப்பதானால் எந்த ஓர் இடத்தில் மட்டும் இணைப்பது, வறண்ட மணலில் எர்த் கம்பியின் தடை எவ்வளவு இருக்கிறது என்பவற்றை அளந்து முடிவு செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம்பிடிப்பதை நான் எந்தக் குழுவுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் மட்டும் கழன்றுகொண்டால் 230 வோல்ட் கருவிகளுக்கு 400 வோல்ட் வரை ஏறி, மாட்டியிருப்பவை எல்லாம் கருகிப்போகலாம் என்பதால், நியூட்ரல் முனை இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துவிட வேண்டும்.

ஜெனரேட்டரை வைக்கும் இடத்தைச் சத்தத்தைக் கொண்டே பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். புகையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, தூங்குபவரை அது எழுப்புவதும் இல்லை. உறங்கும் கூடாரங்களிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் கூடாரங்களுக்கு எதிர்த்திசையைப் பார்க்குமாறு வைக்க வேண்டும். இரவில் காற்றின் திசை மாறும் இடங்களில் அந்தத் தூரமும் போதாது. படுக்கும் கூடாரங்களில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது அவசியம். "சைலன்ட்" என்று விற்கப்படும் மூடிய இயந்திரம் சத்தத்தைத்தான் குறைக்கிறது, நச்சுப்புகையை அல்ல. சத்தத்தைப் பொறுத்தவரை, வாடகைக்காரர் சொல்லும் டெசிபல் அளவு பெரும்பாலும் ஏழு மீட்டர் தூரத்தில் எடுக்கப்பட்டதாகும். தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஆறு டெசிபல் குறையும். தூரம் போதவில்லையென்று பிளைவுட் பலகையாலும் கம்பளியாலும் இயந்திரத்தை நாற்புறமும் மூடுபவர்கள், அது சூடேறி நின்றுபோவதற்கு வழிசெய்கிறார்கள். தடுப்பு வேண்டுமென்றால், காற்று உள்ளே வரும் பக்கத்தையும் வெளியேறும் பக்கத்தையும் திறந்துவிட்டுச் சற்றுத் தள்ளி எழுப்பலாம். புழுதி பறக்கும் மைதானமென்றால் ஏர் ஃபில்டரைத் தினமும் பார்க்க வேண்டும். மாற்று ஃபில்டர் ஒன்றை முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எரிபொருள் ஊற்றும் பொறுப்பை "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை. டீசல் முழுவதும் தீர்ந்து இயந்திரம் நின்றால், குழாய்க்குள் காற்று புகுந்துவிடுவதால் மீண்டும் டீசல் ஊற்றினால் மட்டும் பல இயந்திரங்கள் கிளம்பா. காற்றை வெளியேற்றத் தெரிந்தவர் நடு இரவில் கிடைக்க மாட்டார். பெட்ரோல் இயந்திரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடு ஆறுமுன்போ எரிபொருள் ஊற்றக்கூடாது. லோடைத் துண்டித்து, சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தி, ஆறிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். எஞ்சின் ஆயிலையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். தீயணைப்புக் கருவி இயந்திரத்தின் மேலேயே சாத்தியிருந்தால் தீப்பிடித்த பின் அதை எடுக்க முடியாது. பத்தடி தள்ளி, ஆட்கள் வரும் வழியில் இருக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நாள் என்பது பல இடங்களில் எட்டு மணி நேர ஓட்டத்தையே குறிக்கிறது. ஐந்து நாளும் இடைவிடாமல் ஓட்டினால் 120 மணி நேரம். ஒப்பந்தம் அனுமதிப்பதோ 40. மீதி 80 மணி நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டா, இடையில் பழுதானால் மாற்று இயந்திரம் எத்தனை மணி நேரத்தில் வரும், திருவிழா வளாகத்துக்குள் அவர்களுடைய வண்டிக்கு அனுமதி உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். இயந்திரத்தின் சாக்கெட் வகையை முன்பே படம் எடுத்து அனுப்பச் சொன்னால், பொருந்தாத பிளக்கோடு மைதானத்தில் நிற்க நேராது. இயந்திரம் வந்து இறங்கியதும் மணிக் கணக்கு மீட்டரையும் டீசல் அளவையும் ஏற்கெனவே இருக்கும் நசுங்கல்களையும் படம் எடுத்துக்கொண்டு, கொண்டுவந்தவர் கிளம்புமுன் முகாமின் பெரும்பான்மையான லோடை மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்ப ஏற்றும் நாளிலும் அதே படங்களை, அவருடைய ஆள் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.